அரம் பட்ட ரூபாய்

ஆகஸ்ட் 3, புதன்

காலையிலேயே ஒருத்தன் வந்து என் பொழுதைத் தின்றுவிட்டுப் போனான். டவுனில் செல்போன் கடை வைத்திருக்கிறானாம். கைக்குட்டைக்குள் கைக்குட்டை சுற்றி ஓர் ஒற்றை ரூபாயைக் கொண்டுவந்தான். ஏதோ வீடியோவில் இதற்கு ஒன்பது லட்சம் என்று எவனோ உளறியிருக்கிறான்.

"சிங்கத்து மேல எழுத்து தலைகீழா விழுந்திருக்கு பாருங்க சார். மின்ட்டுல வந்த தப்பு."

மின்ட்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பட்டறை வைஸில் வந்த தப்பு. இரண்டு காசுகளை நேருக்கு நேர் வைத்து வைஸில் இறுக்கினால் ஒன்றின் மேடு மற்றதில் பள்ளமாகப் பதியும், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி. அதே அளவில்தான் பதியும், மயிரிழைகூடப் பெரிதாகாது. அடியில் பழைய உருவம் நசுங்கிக் கிடக்கும்.

அசல் பிழை வேறு சங்கதி. நாணயச்சாலையில் அடித்த காசு ஒன்று கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வெற்று வில்லை உள்ளே வந்ததும் ஒட்டிய காசே அச்சாகி அதில் பள்ளமாகப் பதியும். ஒட்டிய காசு அடிக்கு அடி பரந்துகொண்டே போவதால், பின்னால் வருகிற காசுகளில் பள்ள உருவம் பெரிதாகிக்கொண்டே போகும். அளவைப் பார்த்தால் போதும், பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இவ்வளவும் விளக்கினேன். அவன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் நாணயச் சங்கத்தில் காசைப் பரிசோதித்துத் தீர்ப்புச் சொல்பவன் நான். அதற்கான படிவத்தில் மூன்று கட்டம் உண்டு. பிழை என்றால் நாணயச்சாலை தவறிச் செய்தது. வகை என்றால் தெரிந்தே வேறு அச்சில் அடித்தது. சேதம் என்றால் வெளியே வந்த பிறகு மனுஷப்பயல் செய்தது. மூன்றாவதில் டிக் போட்டு, விதிப்படி காசின் விளிம்பில் அரத்தால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தேன். இனி அதை எவன் தலையிலும் கட்ட முடியாது. நான் கொண்டுவந்த விதி அது. முப்பத்தோரு வருஷம் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். பொய் எடைக்கல் சிக்கினால் முத்திரையை உளியால் அழித்துவிட்டுத்தான் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்பேன்.

"நல்லா இருப்பீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நன்றாகத்தான் இருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஓடவில்லை, அது ஒன்றுதான் குறை. எலக்ட்ரீஷியன் மாடசாமி நாளைக்கு வருகிறேன் என்று நாலாவது தடவையாகச் சொல்லியிருக்கிறான்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

ஜெய்லானி போன் செய்தார். சங்கத்தின் செயலாளர் அவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், மாதம் ஒருமுறை அந்தக் கடை மாடியில்தான் கூடுவோம். வரும் கூட்டத்தில் கண்டக்டர் ஒரு காசைப் பரிசோதனைக்கு வைக்கப்போகிறானாம்.

கண்டக்டர் என்றால் தேவஇரக்கம். நாகர்கோவில் வண்டியில் முப்பது வருஷம் விசில் ஊதியவன். ஒரு புத்தகம் படித்ததில்லை, ஓர் ஏலத்துக்குப் போனதில்லை. சில்லறைப் பைக்குள் கையை விட்டுத் துழாவியே இருநூறு பிழைக் காசு சேர்த்துவிட்டான். கேட்டால், "பெருவிரலு சொல்லும் வே" என்பான். விரல் சொல்லுமாம். நாங்கள் எல்லோரும் லென்ஸை வைத்துக்கொண்டு மடையர்களாக உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு காசைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் சிங்கம் மேடாக இருக்கும் ரூபாய். பதினோரு பேர் நடுவில் இவன் அதை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் ஓரத்தைச் சுற்றினான். "ஜாயிண்டு இருக்கு ஆபீசரே. ரெண்டு காச அறுத்து ஒட்டிருக்கான். ஒம்ம நல்லா ஏமாத்திட்டான்" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெய்லானிகூட.

அதையெல்லாம் நான் எப்போதோ மறந்தாயிற்று.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

குக்கருக்கு வளையம் வாங்கினேன். அளவு சரியில்லை. மாற்றப் போனால் கடைக்காரன் முறைக்கிறான்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

கண்டக்டரின் காசை ஜெய்லானி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். முன்பரிசோதனைக் குறிப்பு:

எஃகு ரூபாய். ஒரு பக்கம் சிங்கம் மேடு. மறுபக்கம் அதே சிங்கம் பள்ளம், இடவலம் மாறி. ஆண்டு இருக்க வேண்டிய பக்கத்தில் பள்ளச் சிங்கம் இருப்பதால் ஆண்டு தெரியாது. எடை 4.85 கிராம், சரி.

பள்ளச் சிங்கம் மேட்டுச் சிங்கத்தைவிட அரை மில்லிமீட்டர் பெரிது. ஓரம் மங்கல். இறுக்கும்போது பரவியிருக்கும்.

அடியில் பழைய உருவத்தின் தடம் தெரியவில்லை. நன்றாகத் தேய்த்திருப்பான்.

மேட்டுப் பக்கத்தில் பீடத்தின் இடது மூலையிலிருந்து விளிம்புவரை ஒரு மெல்லிய கோடு. கோடு பள்ளமாக இருந்தால் வெளியே பட்ட கீறல். மேடாக இருந்தால் அச்சிலேயே விரிசல். இது மேடு. உலோகம் பிதுங்கினாலும் மேடாகத் தெரியலாம்.

என்னிடமும் பள்ளச் சிங்கம் ஒன்று இருக்கிறது. ஜெய்லானி கடையின் வாசல் கண்ணாடிப் பெட்டியில் எட்டு வருஷமாக அதுதான் இருக்கிறது. சங்கத்தின் மிகச் சிறந்த காசு எதுவோ அதற்குத்தான் அந்த இடம். என்னுடையது கத்தி முனைபோலக் கூர்மை. இவனுடையதோ மங்கல். பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

பேச்சியம்மாள் காபி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்தாள். "நம்ம காசு மாதிரியே இருக்கு" என்றாள். முப்பத்தெட்டு வருஷமாக என்கூடக் குடும்பம் நடத்துகிறாள், காசைப் பற்றி ஓர் எழுத்து தெரியாது.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கூட்டம். பதினோரு பேரும் வந்திருந்தார்கள். கண்டக்டரைக் கைப்பிடித்து மாடிக்கு ஏற்றிவந்தார்கள். சர்க்கரை நோய், இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஏதோ மிச்சம் இருக்கிறதாம். வந்து உட்கார்ந்ததும் ஒரு பிரசங்கம் வைத்தான்.

"இருவத்தஞ்சாந் தேதி எனக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் தெரியும்னு டாக்டரு உறுதி சொல்லல. அதுக்கு முந்தி இந்தக் காச கீழ அந்தப் பெட்டில வச்சு, ரோட்டுல நின்னு ஒரு தடவ பாத்துக்கிடணும். வேற ஒரு ஆசையும் இல்ல."

எல்லோர் முகமும் இளகிவிட்டது. கண் தெரியாதவன் கேட்டால் காசு அசலாகிவிடுமா? என் காசை எடுத்துவிட்டு இவன் காசை வைக்க வேண்டுமாம்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் முறையும் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "சேதம். வைஸ்ல இறுக்குனது."

"அளந்து பாத்தீரா ஆபீசரே?"

"அளந்தாச்சு."

"பெருசா இருக்குல்லா?"

"அதெல்லாம் பரவுனது வே. படிவத்துல கையெழுத்துப் போடும்."

விதிப்படி, மேஜையில் காசை வைப்பவன் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். கண்டக்டர் கோடு எங்கே என்று தெரியாமல் கட்டத்துக்கு வெளியே கையெழுத்துப் போட்டான். ஜெய்லானி மெதுவாக, "அரம் அடுத்த மாசம் போட்டுக்கிடலாமே சார்" என்றார். விதி விதிதான் என்றேன். எஃகு என்பதால் நாலு இழுப்பு இழுக்க வேண்டியிருந்தது.

கண்டக்டர் காசை வாங்கிப் பெருவிரலால் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினான். கீறலுக்கு வந்ததும் விரல் நின்றது. "சரி" என்றான். அவ்வளவுதான்.

சண்டை போடுவான் என்று நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 15, திங்கள்

தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மாடசாமி விடுமுறையாம். நன்றாகத் தூங்கினேன். மூன்றரை மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தேன், அதில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 19, வெள்ளி

ஜெய்லானி கடைச் சுவரில் ஒரு பலகை வைக்கப்போகிறார். ‘அசலும் சேதமும்’ என்று தலைப்பு. இரண்டு காசுகளின் படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது. யோசனை அவருடையது. அசலுக்கு என் காசையும் சேதத்துக்குக் கண்டக்டர் காசையும் போடலாம் என்றது நான். ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கண்டக்டர் கேட்டதும் கொடுத்துவிட்டானாம். "ரெண்டையும் நல்லா வெளிச்சம் வச்சு எடுங்க" என்று மட்டும் சொன்னானாம்.

ஆகஸ்ட் 22, திங்கள்

சாயங்காலம் ஜெய்லானி படங்களையும் இரண்டு காசுகளையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு படமும் முறம் அகலம் இருக்கும். தரையில் விரித்தார்.

"மேட்டுப் பக்கம் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, என்ன சார்?" என்றார். டீ குடித்தார். அவருடைய மச்சினன் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். போய்விட்டார்.

பீடத்தின் இடது மூலையிலிருந்து விளிம்புவரை ஒரு மேட்டுக் கோடு. கண்டக்டர் காசில் இருப்பதுதான். என் காசிலும் இருக்கிறது. அதே மூலை, அதே சரிவு. முக்கால்வாசி தூரத்தில் அதே சின்ன வளைவு.

காசுகளை எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தேன். வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். தாளில் வரைந்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னலில் பிடித்தேன்.

ஒரே அச்சு. ஒரே விரிசல். என்னுடையது முதலில் விழுந்தது, அதனால் கூர்மை. அவனுடையது சில அடிகள் கழித்து விழுந்தது, அதனால் பெரிது, மங்கல். ஒரே இயந்திரத்தில் ஒரே நிமிஷத்தில் விழுந்தவை.

அவனுடையது வைஸ் வேலை என்றால் என்னுடையதும் வைஸ் வேலை. என்னுடையது அசல் என்றால்

பேச்சி சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கோடு அங்கேயேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட விஷயத்தில் அவசரப்படக் கூடாது. மதுரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர் வெளியூர் போயிருப்பார். மாதக் கடைசியில்தான் கிடைப்பார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, புதன்

ஜெய்லானி போன் செய்தார். கண்டக்டரை நாளைக் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்களாம். போகிற வழியில் கடை வாசலில் ஒரு நிமிஷம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருக்கிறானாம். அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகவாம். "பெட்டி இப்ப காலியா இருக்கே சார், ஒங்க காச எப்ப தருவீங்க?" என்றார்.

இன்னும் அளவெடுக்கும் வேலை முடியவில்லை என்றேன்.

இரவு பேச்சி, "ரெண்டு நாளா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கிய. என்ன வந்துச்சு?" என்று கேட்டாள். குழம்பில் உப்பு அதிகம் என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25, வியாழன்

மாடசாமி ஒருவழியாக வந்தான். மோட்டார் ஓடுகிறது.

ஆகஸ்ட் 27, சனி

12ஆம் தேதிக் குறிப்பைப் படித்தேன். என் கையெழுத்துதான். "அரை மில்லிமீட்டர் பெரிது." "இது மேடு." 3ஆம் தேதி அந்தச் செல்போன் கடைக்காரனுக்கு நான் விளக்கியதையும் படித்தேன். பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் என்று எழுதியிருக்கிறேன்.

பக்கத்தைக் கிழிக்கலாம். கிழித்தால் தையல் விட்டு எதிர்ப்பக்கமும் கழன்றுவிடும். அதில் எல்.ஐ.சி. கட்டிய விவரம் இருக்கிறது.

அரக்கீறலை வழவழப்பாக்கிப் பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. சேதத்தைச் சரிசெய்தால் அது இரண்டாவது சேதம். இதையும் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்தான்.

எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. தெரிந்திருந்தால் அன்றைக்கே மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருக்க வேண்டியதுதானே?

ஆகஸ்ட் 28, ஞாயிறு

சமாதானபுரத்தில் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். வலது கண்ணில் கட்டு. மகள் கதவைத் திறந்தாள், என் பெயரைச் சொன்னதும் நாற்காலி போடாமல் உள்ளே போய்விட்டாள். நின்றுகொண்டே பேசினேன்.

"காச மறுபடி பாத்தேன். அது அசலு."

"எனக்குத் தெரியும் வே. சில்லறைச் சாக்குல இருந்து பையில கொட்டுன அன்னைக்கே தெரியும்."

"பொறவு ஏன் கையெழுத்துப் போட்டீரு?"

"நீரு ரெண்டாந்தடவ லென்ஸ வச்சீருல்லா? அப்ப ஒம்ம மூச்சு நின்னுச்சு. எனக்குக் கண்ணுதான் தெரியாது. சரி, ஆபீசருக்குத் தெரிஞ்சு போச்சு, நேர்மையான மனுசன், சொல்லிருவாருன்னு நெனச்சேன். நீரு அரத்த எடுத்தீரு."

மூச்சு நின்றதாம். வயசானால் மூச்சு வாங்குவது சகஜம். பேச்சை வளர்க்காமல் சட்டைப் பையிலிருந்து என் காசை எடுத்து அவன் கையில் வைத்தேன். "இத வச்சுக்கிடும். ஒம்மதவிட நல்ல காசு. கணக்கு தீந்துச்சு."

பெருவிரலால் தடவினான். "எங்கன கெடச்சுது?"

"தொண்ணூத்தி நாலுல. நாங்குனேரிக்கு ஆய்வுக்குப் போகும்போது பஸ்ஸுல மீதிச் சில்லறையா வந்துச்சு."

"எந்த வண்டி?"

"நாகர்கோவில் வண்டி."

அவன் சிரித்தான். கட்டு அசையக் கூடாது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டிப்போல புதுச் சாக்கு பிரிச்ச வாரம். ரெண்டு கெடந்துச்சு. ஒண்ணு என் விரலுக்கு ஆம்பிட்டுச்சு, இன்னொண்ணு நழுவிட்டு. ஒமக்கு டிக்கெட்டுக் கிழிச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா வே?"

அந்தத் தடத்தில் எத்தனையோ வண்டி, எத்தனையோ கண்டக்டர். அப்படி ஒன்றும் உறுதியில்லை. அந்தக் காசை நான் கண்டுபிடித்தது என் கண்ணால்.

காசைத் திருப்பி என் கையிலேயே திணித்தான். "இது எனக்கு வேண்டாம். படிவத்தத் திருத்தி எழுதும். எது மின்ட்டு செஞ்சது, எது மனுசன் செஞ்சதுன்னு தனித்தனியா எழுதும். பதினோரு பேரு முன்னால வாசியும்."

"சரி."

"ஒமக்கு என்னைக்கு வே தெரிஞ்சுது?"

"நேத்துதான்" என்றேன்.

செப்டம்பர் 4, ஞாயிறு

ராஜினாமாக் கடிதம் மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் உடல்நிலை காரணமாக என்று வருகிறது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

கண்டக்டருக்குக் கட்டு அவிழ்த்தாயிற்றாம். வெளிச்சம், இருட்டு மட்டும் தெரிகிறதாம். முன்பே டாக்டர் சொன்னதுதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை என்று ஜெய்லானி சொன்னார். யாரையும் என்று அவர் சொன்னபோது நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

செப்டம்பர் 10, சனி

படிவம் எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு கட்டமும் ஐந்து நிமிஷத்தில் முடிந்தன. மூன்றாவது கட்டத்துக்குக் கீழே சேதம் செய்தவர் என்று ஒரு வரி உண்டு. இத்தனை வருஷமும் அதில் ‘தெரியாது’ என்றே எழுதிவந்திருக்கிறேன். கடைசி வரி, உண்மை கண்டறிந்த தேதி.

27 என்று எழுதப் பேனாவை வைத்தேன். முப்பத்தோரு வருஷத்தில் எவ்வளவோ பேரிடம் கத்தியிருக்கிறேன், அழவைத்திருக்கிறேன். ஒரு தாளிலும் பொய்த் தேதி போட்டதில்லை. பேனா வைத்த இடத்தில் மை ஊறியதுதான் மிச்சம். படிவம் பாழ். வேறு படிவம் எடுத்தேன்.

செப்டம்பர் 11, ஞாயிறு

பதினோரு பேரும் வந்திருந்தார்கள். கண்டக்டரை மகள் அழைத்துவந்து என் எதிரில் உட்காரவைத்தாள். அவள் போகவில்லை, நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள்.

எழுந்து நின்று வாசித்தேன்.

"ஒரு ரூபாய், எஃகு. உடைமையாளர் தேவஇரக்கம். பிழை: ஒரு முகத்தில் சிங்கம் பள்ளமாக. நாணயச்சாலையில் நேர்ந்தது, அசல். வகை: இல்லை. சேதம்: விளிம்பில் ஓர் அரக்கீறல், நீளம் மூன்று மில்லிமீட்டர். சேதம் செய்தவர்: கா. கோமதிநாயகம், பரிசோதகர்."

ஜெய்லானி, "போதும் சார், உக்காருங்க" என்றார். இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன்.

"உண்மை கண்டறிந்த தேதி: ஆகஸ்ட் 22."

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. கண்டக்டர் மட்டும் விரல் மடக்கி எண்ணினான். இருபத்திரண்டு, இருபத்திமூன்று, இருபத்திநாலு. ஆபரேஷனுக்கு முந்தின நாள்வரை வந்து, மூன்றாவது விரலோடு கை நின்றது. "நேத்துன்னு சொன்னீரு" என்றான்.

"பொய் சொன்னேன்."

மகள் வாயைத் திறந்தாள். அவன் கையைத் தூக்கி அவளை அடக்கினான். யாரோ விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள்.

கூட்டம் அத்தோடு முடிந்தது. கீழே இறங்கி, கடை வாசலில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அவன் காசை நானே வைத்தேன். படிவத்தைப் பக்கத்தில் நிறுத்தினேன். ரோட்டில் போகிற எவனும் வாசிக்கலாம். பூட்டப் போகும்போது கண்டக்டர், "கொஞ்சம் பொறும்" என்றான். ரோட்டில் நின்று பார்க்க ஆசைப்பட்டவன், பெட்டியைத் தேடிக் கையை நீட்டினான். கை முதலில் என் சட்டையில் பட்டது. நான் அதைப் பிடித்துக் காசின்மேல் வைத்தேன். பள்ளச் சிங்கத்தை மெதுவாகத் தடவினான். பிறகு விளிம்புக்கு வந்தான். கீறலில் பெருவிரல் நின்றது, வெகுநேரம்.

"ஆழமாத்தான் போட்டிருக்கீரு வே" என்றான்.

ஆமாம் என்றேன்.